தெளிந்த ஓயாவில் ட்ரவுட்: ஃப்ளையை விட முழங்கால் முக்கியம்

ட்ரவுட்டுக்குத் தூண்டில் போடக் கிளம்புகிறவர்கள் முதலில் கேட்பது "எந்த ஃப்ளை?" (முள்ளில் இறகும் நூலும் கட்டிச் செய்த போலிப் பூச்சி) என்பதுதான். இலங்கை மலைநாட்டு ஓடைகளில் அது மூன்றாவது கேள்வி. தண்ணீர் எத்தனை பாகை என்பது முதலாவது. மீன் உங்களைப் பார்த்துவிட்டதா என்பது இரண்டாவது. இவற்றில் ஒன்று பிசகினாலும் பெட்டி நிறைய ஃப்ளை வைத்திருந்து பயனில்லை.

ரெயின்போ ட்ரவுட் குளிர்நீர் மீன். 10 முதல் 16 பாகை செல்சியஸ் வரை நன்றாக இரை எடுக்கும். 20ஐத் தாண்டினால் வாயைக் கட்டிக்கொள்ளும். 25ஐ நெருங்கினால் உயிருக்கே ஆபத்து. கொழும்பில் ஆண்டுச் சராசரி 27 பாகை அளவில் இருக்கிறது. ஒவ்வொரு 1000 மீட்டர் ஏறும்போதும் சுமார் 6.5 பாகை குறையும் என்று கணக்குப் போட்டால், 2000 மீட்டரில் 14 பாகை வரும். பிரித்தானியர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ட்ரவுட்டைக் கொண்டுவந்தபோது நுவரெலியாவுக்கும் ஹோர்ட்டன் சமவெளிக்கும் போனது இதற்காகத்தான். இன்றைக்கும் தேட வேண்டியது அந்த உயரத்தில்தான்: அம்பேவெல பக்கம், அக்ரா ஓயா, பெலிஹுல் ஓயாவின் தலைப்பகுதி.

மீன்தொட்டிக்கு வைக்கும் சின்ன வெப்பமானி ஒன்று போதும். நூலில் கட்டி, நிழலில், ஓடும் தண்ணீரில் ஒரு சாண் ஆழத்தில் இரண்டு நிமிடம் விடுங்கள். கரையோரத்துத் தேங்கிய தண்ணீரில் பார்த்தால் இரண்டு மூன்று பாகை கூடக் காட்டி ஏமாற்றும். 19க்கு மேல் காட்டினால் அந்த இடத்தை விட்டுவிட்டு ஓடையோடு மேலே ஏறுங்கள். காட்டுக்குள்ளிருந்து வரும் ஓடை, தேயிலைக்கோ மரக்கறித் தோட்டத்துக்கோ நடுவே வெயிலில் கொஞ்சத் தூரம் ஓடினாலே சூடேறிவிடும். காட்டு விளிம்புக்கு மேலே போனால் அதே ஓடையில் வேறு தண்ணீர். தை மாதத்துப் பனிக்காலையில் இதற்கு நேர்மாறான சிக்கல். புல்லில் உறைபனி வெள்ளையாகக் கிடக்கும்போது தண்ணீர் அளவுக்கு மீறிக் குளிர்ந்து மீன் அடியிலேயே படுத்திருக்கும். ஆறு மணிக்கே போய் நடுங்க வேண்டாம். வெயில் ஓடையில் விழுந்து ஒரு மணி நேரம் கழித்துத் தொடங்கினால் போதும்.

இனி முழங்கால். தண்ணீருக்குள் இருக்கும் மீன் வெளியுலகத்தைத் தலைக்கு மேல் ஒரு வட்ட ஜன்னல் வழியாகத்தான் பார்க்கிறது. அந்த ஜன்னலின் விளிம்பில், நீர்மட்டத்திலிருந்து சுமார் 10 பாகைக் கோணத்துக்குள் அடங்கும் எதுவும் நசுங்கி மங்கித் தெரியும், அல்லது தெரியவே தெரியாது. நடைமுறைக்கு ஒரு கணக்கு: மீனுக்கும் உங்களுக்கும் உள்ள தூரத்தை ஆறால் வகுங்கள். வரும் உயரத்துக்குள் உங்கள் தலை இருக்க வேண்டும். ஒன்பது மீட்டர் தள்ளி நின்றால் நீர்மட்டத்திலிருந்து ஒன்றரை மீட்டர், அதாவது குனிந்து நிற்கலாம். ஆறு மீட்டரில் ஒரு மீட்டர்தான், முழங்காலிட வேண்டும். மூன்று மீட்டரில் அரை மீட்டர், கிட்டத்தட்டப் படுக்க வேண்டும். கரை உயரமாக இருந்தால் அந்த உயரமும் இதில் சேரும். அதனால்தான் மேட்டில் நின்று எட்டிப் பார்த்தவருக்கு மீன் ஓடுவது மட்டும் தெரிகிறது. நம் ஓடைகள் பெரும்பாலும் மூன்று நான்கு மீட்டர் அகலம். நின்றபடி ட்ரவுட் பிடிக்கக்கூடிய இடங்கள் குறைவு. விலை கூடிய ரீலுக்குக் கொடுக்கும் காசில் ஒரு சோடி முழங்கால் பட்டி வாங்குவது நல்லது.

மீன் நீரோட்டத்தை எதிர்த்துத் தலை வைத்து நிற்கும். ஆகவே கீழிருந்து மேலே போக வேண்டும். அதன் வாலுக்குப் பின்னால் கண் படாத ஒரு குறுகிய பகுதி இருக்கிறது. ஒரு விதிவிலக்கு உண்டு. பாறைக்குப் பின்னால் தண்ணீர் சுழன்று திரும்பும் இடத்தில் மீனும் திரும்பி, ஓடை போகும் திசையைப் பார்த்து நிற்கும். சுழலில் மிதக்கும் நுரை எந்தப் பக்கம் போகிறதோ அதற்கு எதிர்த்திசையில்தான் தலை.

பத்தனைப் புல்வெளி ஓடைகளுக்கென்று ஒரு தனிக் குணம் இருக்கிறது. கரை கறுத்த மெத்து மண். தண்ணீர் அதை அடியில் குடைந்து வைத்திருக்கும். மேலே புல் தொங்கும், கீழே அரை மீட்டர் வெற்றிடம், பெரிய மீன் அங்கேதான். அந்த விளிம்பில் காலை வைத்தால் அதிர்வு நேராக மீனின் முதுகுக்கு மேலேயே இறங்கும். கரையிலிருந்து குறைந்தது ஒன்றரை மீட்டர் உள்ளே தள்ளி, பாதத்தை மெதுவாக ஊன்றி நடங்கள். தூண்டில் போடும் வரை தண்ணீரை எட்டிப் பார்க்காதீர்கள்.

யூடியூபில் அமெரிக்காவின் ஓசார்க் மலை ஆறுகளில் பிடிக்கும் காணொளிகள் ஏராளம். பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் அப்படியே இங்கே கொண்டுவந்தால் ஒத்துவராது. ஓசார்க் மலைகள் 800 மீட்டரைக்கூட எட்டாதவை. அங்கே குளிர் வருவது உயரத்தால் அல்ல, சுண்ணாம்புப் பாறைக்குள்ளிருந்து பொங்கும் ஊற்றுகளால். ஆண்டு முழுவதும் 14 பாகை அளவில் தண்ணீர் வரும். சுண்ணாம்பு கலந்த அந்த நீரில் நீர்ப்பூச்சியும் நண்டினமும் பெருகும். ஊற்றிலிருந்து கீழே போகப் போகத் தண்ணீர் சூடேறும். ட்ரவுட் முடிந்து ஸ்மோல்மவுத் பாஸ் தொடங்கும். அது அந்த ஆறுகளின் சொந்த மீன், கிரேஃபிஷ் என்ற நன்னீர்ச் சிங்கி இறாலைத் தின்று வளர்வது. ட்ரவுட் அங்கேயும் 1880களில் வந்து இறங்கியதுதான். நம் மலைகளில் சுண்ணாம்பு கிட்டத்தட்ட இல்லை, பழைய உருமாறிய பாறைகள். அதனால் தண்ணீர் மென்மையாகவும் சற்று அமிலமாகவும் இருக்கும், உள்ளே உணவு குறைவு. மீன் சிறியது, பசி பெரியது. காற்றடித்தால் புல்லிலிருந்து விழும் வண்டு, எறும்பு, வெட்டுக்கிளிதான் அதற்குப் பெரிய விருந்து. ஓசார்க்கில் ஆழத்தில் கனமான நிம்ஃபை, அதாவது நீருக்குள் வாழும் இளம் பூச்சியைப் போன்ற அமிழும் ஃப்ளையை, உருட்டுவது வழக்கம். இங்கே பிற்பகல் காற்றில் மேலே மிதக்கும் ஒரு கறுப்பு வண்டு போதும்.

கருவிக்கு வருவோம். 7 அல்லது 7½ அடி, 3 எடைத் தடி, அதாவது இலேசான கயிற்றுக்கான தடி. கயிற்றுக்கும் ஃப்ளைக்கும் நடுவே கட்டும் மெல்லிய இழைதான் லீடர். 9 அடி லீடர் நம் பற்றைகளுக்கு நீளம் அதிகம். 7½ அடி லீடரின் நுனியில் 60 சென்றிமீட்டர் 5எக்ஸ் தங்கூசி, அதாவது சுமார் 0.15 மில்லிமீட்டர். தண்ணீர் வற்றிக் கண்ணாடியாகத் தெளிந்திருக்கும் மாசி, பங்குனியில் 0.13க்கு இறங்கலாம். அதற்கும் மெல்லியது வேண்டாம், கிளையில் சிக்கினாலே அறுந்துவிடும். ரீலே இல்லாத தடியும் இங்கே நன்றாக ஓடும்: மூன்றரை மீட்டர் இலேசான தடி, நுனியில் மூன்று மீட்டர் கனத்த தங்கூசி, அதன் முனையில் ஒரு மீட்டர் 0.15. குறுகிய ஓடையில் கயிறு முழுவதையும் தண்ணீரில் படாமல் தூக்கிப் பிடிக்கலாம் என்பதால் என் ஓட்டு இதற்குத்தான். தோட்டத்துப் பிள்ளைகளின் மூங்கில் தூண்டிலும் அடிப்படையில் இதே வேலைதான் செய்கிறது.

ஃப்ளை நான்கு வகை போதும். 14ஆம் இலக்க முள்ளில் கறுப்பு ஃபோம் வண்டு, 16இல் எல்க் ஹெயர் கெடிஸ், 16இல் எடம்ஸ், 2.4 மில்லிமீட்டர் டங்ஸ்டன் மணி கோத்த 16ஆம் இலக்க ஃபெசன்ட் டெயில். முதல் மூன்றும் மிதக்கும், கடைசியானது அமிழும். இலக்கம் கூடக் கூட முள் சிறிதாகும். மேலே ஒன்றும் எழும்பவில்லை என்றால் வண்டு முள்ளின் வளைவில் 40 சென்றிமீட்டர் தங்கூசி கட்டி, அதன் முனையில் ஃபெசன்ட் டெயிலைத் தொங்கவிடுங்கள். வண்டு மிதப்பாகவும் வேலை செய்யும். அது நின்றாலோ அமிழ்ந்தாலோ உடனே தடியைத் தூக்க வேண்டும். முடிச்சை இறுக்குமுன் எச்சிலால் நனைக்க மறக்காதீர்கள். உலர்ந்த முடிச்சு இழுக்கும்போது சூடாகி, மெல்லிய தங்கூசியைப் பாதியாகப் பலவீனப்படுத்திவிடும். பெரிய மீன் அறுத்துக்கொண்டு போனது என்று சொல்லப்படும் கதைகளில் பல இந்த முடிச்சில்தான் முடிகின்றன.

பின்னால் மரம், மேலே கிளை, தடியை வீச இடமில்லை. இதற்கு வில்-அம்பு வீச்சு. தடியின் நீளத்துக்கும் கொஞ்சம் குறைவாகக் கயிற்றை வெளியே விடுங்கள். தடி பிடித்த கையின் சுட்டுவிரலால் கயிற்றைத் தடியோடு அழுத்திக்கொள்ளுங்கள். மற்றக் கையின் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் ஃப்ளையை முள்ளின் வளைவில் பிடியுங்கள், கூர் விரலுக்கு வெளியே பார்க்க வேண்டும். தடி நுனியை இலக்கை நோக்கி நீட்டி, ஃப்ளையை இடுப்புக்கு இழுத்தால் தடி வளையும். இப்போது விரலை மட்டும் திறக்க வேண்டும். பிசகுவது இந்த இடத்தில்தான்: விடும்போது தடிக் கையும் சேர்ந்து முன்னே தள்ளும், நுனி துள்ளும், ஃப்ளை கிளையில் ஏறும். தடிக் கை கல்லாக நிற்க வேண்டும். கூரை உள்ளே வைத்துப் பிடித்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

மீன் எழும்பி வந்து, மூக்கால் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனால் ஃப்ளையை மாற்ற அவசரப்படாதீர்கள். பத்தில் எட்டுத் தடவை காரணம் இழுவைதான். நடுவில் வேகமாக ஓடும் தண்ணீர் கயிற்றைப் பிடித்து இழுக்க, ஃப்ளை பக்கத்து நுரையை விட வேகமாகப் போகும். எந்த வண்டும் தண்ணீரில் அப்படி நீந்தாது. தடியை உயர்த்திக் கயிற்றை வேக நீரிலிருந்து எடுங்கள், அல்லது இன்னும் ஒரு மீட்டர் நெருங்கிக் குறைந்த கயிற்றில் போடுங்கள். ஒரு மடுவின் கீழ்விளிம்பிலிருந்து தொடங்க வேண்டும். நேராகத் தலைப்பகுதிக்குப் போட்டால் வாலில் நின்ற சின்ன மீன் மேலே ஓடி, மற்றவற்றையும் கலைத்துவிடும்.

மழைக்குப் பிறகு ஓடையைத் தேர்வதிலும் கவனம் வேண்டும். காட்டிலிருந்தும் பத்தனையிலிருந்தும் வருவது சில மணி நேரத்தில் தெளியும். இலேசான தேநீர் நிறம் இருந்தால் பயமில்லை, அது மக்கிய இலையின் சாயம். உருளைக்கிழங்கு, லீக்ஸ் பாத்திகளைக் கழுவி வரும் ஓடை சேறாகவே கிடக்கும். மருந்தடித்த மண்ணும் அதில்தான் வரும், அங்கே நேரத்தை வீணாக்காதீர்கள். நீங்கள் ஓடைக்குள் நிற்கும்போது இலையும் சுள்ளியும் திடீரென்று மிதந்து வந்தாலோ நிறம் மாறினாலோ, உங்கள் தலைக்கு மேல் வெயில் அடித்தாலும் உடனே கரையேறுங்கள். மேலே எங்கோ மழை இறங்கிவிட்டது.

ஹோர்ட்டன் சமவெளி 1988 முதல் தேசியப் பூங்கா. வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி கையில் இல்லாமல் அங்கே தூண்டிலை வெளியே எடுக்கக் கூடாது. தோட்ட ஓடைகளுக்குத் துரையிடமோ அலுவலகத்திலோ கேட்டுவிட்டுப் போவதுதான் முறை. குடிநீர் எடுக்கும் பீலிக்கு மேலே இறங்கக் கூடாது என்பது சொல்லாமலே தெரிய வேண்டியது.

பிடித்ததை விடுவதா, எடுப்பதா? ட்ரவுட் இங்கே வந்தேறி, அதுவும் இரைகொல்லி. சமவெளியின் குளிர்நீரில் மட்டுமே வாழும் சின்ன நன்னீர் இறால்களுக்கு அதனால் நல்லது எதுவும் நடக்கவில்லை. எனவே அனுமதி இருக்கும் இடத்தில் சமையலுக்கு இரண்டு மீன் எடுப்பதில் குற்றவுணர்வு தேவையில்லை. உயிரோடு இன்னொரு ஓடைக்குக் கொண்டுபோய் விடுவதைத்தான் ஒருபோதும் செய்யக் கூடாது. கீழ் ஆறுகளில் மஹசீர் சிக்கினால் கதை வேறு. அது நம் ஆற்றின் சொந்த மீன், நனைந்த கையால், தண்ணீருக்குள்ளேயே முள்ளைக் கழற்றி விட்டுவிடுங்கள்.

எடுக்கும் ட்ரவுட்டை அங்கேயே தலையில் தட்டிக் கொன்று, குடலை எடுத்து, முதுகெலும்போடு ஒட்டியிருக்கும் கறுத்த இரத்தப் பட்டையைப் பெருவிரல் நகத்தால் சுரண்டிக் கழுவுங்கள். அதை விட்டால் பொரித்த பிறகும் கசக்கும். இரைப்பையைக் கீறி ஒரு வெள்ளைத் தட்டில் கொஞ்சம் தண்ணீரோடு கொட்டிப் பாருங்கள். கறுப்பு ஓட்டுத் துண்டுகளாக இருந்தால் மிச்சப் பொழுதுக்கும் வண்டிலேயே இருங்கள். மணலும் குச்சியும் ஒட்டிய சின்னக் கூடுகளாக இருந்தால் மீன் அடியில் மேய்கிறது, டங்ஸ்டன் மணியைக் கட்டுங்கள்.