ஒரே ரயில் பாதையில் மூன்று நாள் சாப்பாடு: சிங்கப்பூரில் நாளுக்கு 25 டாலர்

சிங்கப்பூரில் அறை வாடகையும் நுழைவுச் சீட்டும் கையைக் கடிக்கும். சாப்பாடு அப்படியில்லை. அந்த ஊரின் ருசியான சாப்பாட்டில் பெரும்பகுதி குளிர்சாதனம் இல்லாத, மின்விசிறி சுழலும் ஹாக்கர் சென்டர்களில்தான், அதாவது சின்னச் சின்னக் கடைகள் ஒரே கூரையின் கீழ் இருக்கும் உணவுக் கூடங்களில்தான் இருக்கிறது. ஒரு கடைக்காரர் ஒன்றிரண்டு பதார்த்தங்களை மட்டும் வருடக்கணக்காகச் செய்து கை தேர்ந்திருப்பார். இந்த ஹாக்கர் பண்பாட்டை 2020 டிசம்பரில் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. அது சும்மா கிடைத்த மரியாதை இல்லை.

மூன்று நாள் பயணத்தில் பட்ஜெட் உடைவது தட்டின் விலையால் அல்ல, நேரத்தால். மதியம் இரண்டரைக்குப் போய்ச் சேருவோம். தேடிப் போன கடை விற்றுத் தீர்ந்து மூடியிருக்கும். பசி தாங்காமல் பக்கத்து மாலுக்குள் நுழைவோம், அங்கே இருவருக்கு 50 சிங்கப்பூர் டாலர் போய்விடும். அதனால் சுற்றிப் பார்க்கும் இடங்களையும் சாப்பிடும் இடங்களையும் ஒரே பாதையில் கோர்த்துக்கொள்வதுதான் என் யோசனை. அதற்கு எம்ஆர்டி என்ற நகர ரயிலின் டவுன்டவுன் லைன் மிகவும் தோது. வரைபடத்தில் நீல நிறத்தில் இருக்கும். பொட்டானிக் கார்டன்ஸ், நியூட்டன், லிட்டில் இந்தியா, பூகிஸ், பேஃபிரண்ட், தெலுக் ஆயர், சைனாடவுன் எல்லாம் அந்த ஒரே பாதையில் வருகின்றன. ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஒரு வேளைச் சாப்பாடு உண்டு.

முதலில் கணக்கு. காலையில் இரண்டு பிராட்டாவும் (நம் பரோட்டாதான்) ஒரு டீயும் 5 டாலர் அளவில் முடியும். மதியம் ஒரு தட்டுச் சாதம் 4 முதல் 6, குடிக்க ஏதாவது 2. வெட்டிய பழம் ஒன்றரை டாலருக்குள். இரவு பிரியாணியோ, குச்சியில் செருகிச் சுட்ட கறியான சாத்தேயோ 8 முதல் 10. ஆக நாளுக்கு 25 டாலருக்குள் வயிறு நிறையச் சாப்பிடலாம். மாலுக்குள் இருக்கும் உணவகத்தில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி போட்டிருந்தால், 10 சதவீதச் சேவைக் கட்டணமும் அதற்கு மேல் 9 சதவீத ஜிஎஸ்டி-யும் தனி என்று அர்த்தம். 18 டாலர் என்று போட்ட தட்டு, பில்லில் 21 டாலர் 58 காசாக வரும். கேட்காமல் மேசையில் வைக்கும் ஈரத் துண்டுக்கும் வேர்க்கடலைக்கும்கூடச் சில இடங்களில் காசு உண்டு. வேண்டாம் என்றால் உட்கார்ந்தவுடனே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். ஹாக்கர் சென்டரில் பலகையில் எழுதிய விலைதான் விலை.

லிட்டில் இந்தியா நிலையத்தின் சி வாசல் வழியே மேலே வந்தால் தேக்கா சென்டர். தரைத்தளத்தில் ஒரு பக்கம் மீன், காய்கறிச் சந்தை, மறுபக்கம் சாப்பாட்டுக் கடைகள். பல கடைகளில் தமிழிலேயே கேட்கலாம். காலை நேரத்துக்கு இதைவிட நல்ல இடம் இல்லை. பிராட்டா போடுபவர் எண்ணெய் தடவிய உருண்டையைத் தட்டி, வீசி விரித்து, நான்காக மடித்துக் கல்லில் போடுகிறார். இரண்டு பக்கமும் பொன்னிறமானதும் எடுத்து, இரு கைகளாலும் பக்கவாட்டில் அடித்து அடுக்குகளைப் பிரிக்கிறார். அந்தச் சூட்டிலேயே சாப்பிட வேண்டும், பத்து நிமிடம் போனால் ரப்பர். கூட வரும் குழம்பு மீன் குழம்பாகவோ ஆட்டுக்கறிக் குழம்பாகவோ இருக்கலாம். சைவம் என்றால் ‘பருப்புக் குழம்பு மட்டும்’ என்று ஊற்றுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். மதியம் அங்கேயே பிரியாணி பிரமாதமாக இருக்கும், ஆனால் பன்னிரண்டரை மணிக்கு வரிசை நீண்டுவிடும். பதினொன்றரைக்குப் போனால் நிம்மதி. நம் நேரத்தைவிடச் சிங்கப்பூர் இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. நம் வயிற்றுக்கு மதியப் பசி வரும்போது அங்கே மூன்று, மூன்றரை ஆகி பாதிக் கடைகள் மூடியிருக்கும். முதல் நாள் கடிகாரத்தைப் பார்த்துத்தான் சாப்பிட வேண்டும், பசியைப் பார்த்து அல்ல.

டீயும் காபியும் கேட்க ஒரு தனிப் பாஷை இருக்கிறது. ‘தே’ என்றால் கண்டென்ஸ்டு மில்க் சேர்த்த டீ, நல்ல இனிப்பு. ‘தே சி’ என்றால் எவாப்பரேட்டட் மில்க்கும் சர்க்கரையும். ‘தே ஓ’ என்றால் பால் இல்லாமல் சர்க்கரை மட்டும். காபிக்கு ‘தே’ இருக்கும் இடத்தில் ‘கோப்பி’ போட்டுக்கொள்ளுங்கள். பின்னால் ‘கோசோங்’ சேர்த்தால் சர்க்கரை இல்லை, ‘சியூ தாய்’ என்றால் இனிப்புக் கம்மி, ‘காவ்’ என்றால் ஸ்ட்ராங், ‘பெங்’ என்றால் ஐஸ். சர்க்கரை நோய் உள்ளவர்கள் ‘தே சி கோசோங்’ என்று கேட்கலாம். ‘தே கோசோங்’ என்று மட்டும் கேட்டால் கண்டென்ஸ்டு மில்க்கின் இனிப்பு உள்ளே போய்விடலாம்.

சைவக்காரர்களுக்குச் சிங்கப்பூர் கஷ்டம் என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். எதில் என்ன ஒளிந்திருக்கிறது என்று தெரிந்தால் போதும். சம்பால் மிளகாய் விழுதில் பெரும்பாலும் பெலாச்சான் என்ற இறால் விழுது உண்டு. லக்சா என்ற தேங்காய்ப் பால் நூடுல்ஸின் குழம்பில் காய்ந்த இறால். சார் குவே தியாவ் நூடுல்ஸைப் பழைய முறையில் பன்றிக் கொழுப்பில் வதக்குகிறார்கள். டோஃபுவையும் காய்களையும் நாமே பொறுக்கிக் கொடுக்கும் யோங் தாவ் ஃபூவில்கூட, காய்க்குள் மீன் விழுது திணித்திருக்கும், சூப்பும் நெத்திலியில் கொதித்ததாக இருக்கலாம். சீனச் சைவக் கடைகளை அடையாளம் காண, பலகையில் 素 என்ற எழுத்தைத் தேடுங்கள். அங்கே கறி மாதிரித் தெரிவது சோயாவிலும் கோதுமைப் புரதத்திலும் செய்தது, பயப்பட வேண்டாம். பூகிஸ் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில், மிடில் ரோட்டில் ஃபார்ச்சூன் சென்டர் என்ற பழைய கட்டடம் இருக்கிறது. அதற்குள் சைவ உணவகங்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. சீன நாட்காட்டியில் மாதத்தின் 1-ஆம், 15-ஆம் நாட்களில் சீனர்கள் பலர் சைவம் சாப்பிடுவதால் அன்று கூட்டம் நெரியும். நம் ஊர்ச் சாப்பாடே வேண்டும் என்றால் சிராங்கூன் சாலையில் 1947-லிருந்து இருக்கும் கோமள விலாஸ் இருக்கிறது.

மாடு சாப்பிடாதவர்கள் மலாய்க் கடைகளில் ரெண்டாங் என்ற, தேங்காய்ப் பாலில் வற்ற வேகவைத்த கறியை வாங்கும்போது கோழியா மாடா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சைனாடவுன் மதியத்துக்கு. நிலையத்திலிருந்து சில நிமிடம் நடந்தால் சவுத் பிரிட்ஜ் சாலையில் 1827-லிருந்து இருக்கும் மாரியம்மன் கோவில், அதைத் தாண்டினால் புத்தர் பல் கோவில், அதற்கு எதிரே மேக்ஸ்வெல் ஃபுட் சென்டர். எல்லோரும் தியான் தியான் சிக்கன் ரைஸ் வரிசையில் நிற்பார்கள். அந்தக் கடைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. வரிசை நீளம் என்றால் அதே கூரையின் கீழ் இருக்கும் வேறு சிக்கன் ரைஸ் கடைக்குப் போங்கள், இழப்பு ஒன்றும் இல்லை. இந்தத் தட்டில் பார்க்க வேண்டியது கோழியை அல்ல, சோற்றை. கோழிக் கொழுப்பில் இஞ்சி, பூண்டு வதக்கி, கோழி வெந்த தண்ணீரில் வேகவைத்தது. வெறும் சோறே மணக்க வேண்டும், ஒன்றோடொன்று ஒட்டாமல் பளபளவென்று இருக்க வேண்டும். அது சரியாக இருந்தால் கோழியும் சரியாகத்தான் இருக்கும். எலும்பை ஒட்டி லேசாக இளஞ்சிவப்பு தெரிந்தால் கெட்டுப்போனதாக நினைக்க வேண்டாம், அந்த முறையே அப்படி.

இன்னும் மலிவு வேண்டுமென்றால் ஸ்மித் தெருவில் இருக்கும் சைனாடவுன் காம்ப்ளெக்ஸ் இரண்டாவது தளம். 200-க்கும் மேற்பட்ட கடைகள், தலை சுற்றும். அங்கே எகனாமி ரைஸ் கடையைப் பிடியுங்கள். கண்ணாடிக்குப் பின்னால் பத்திருபது தட்டுகள் இருக்கும், விரலால் காட்டினால் சோற்றின் மேல் வைத்துத் தருவார்கள். ஒரு கறி, இரண்டு காய் என்றால் 4, 5 டாலர். முழு மீனையோ பெரிய இறாலையோ காட்டினால் விலை சட்டென்று ஏறும், பில் போட்ட பிறகு பேசிப் பயனில்லை. வார நாட்களில் 12 முதல் ஒன்றரை வரை அலுவலகக் கூட்டம், அந்த நேரத்தை விட்டுவிடுங்கள்.

மாலை கார்டன்ஸ் பை தி பே பூங்காவில் செயற்கை மரங்களின் ஒளி நிகழ்ச்சி 7.45-க்கும் 8.45-க்கும், இலவசம். முதல் காட்சியைப் பார்த்துவிட்டு பேஃபிரண்டில் ரயில் ஏறினால் இரண்டாவது நிலையம் தெலுக் ஆயர். அங்கிருந்து லாவ் பா சாட் பக்கம்தான். 1894-இல் கட்டிய வார்ப்பிரும்புச் சந்தை அது. இரவில் ஓரத்துப் பூன் தாட் தெருவை வண்டிகளுக்கு மூடி, மேசை போட்டுச் சாத்தே சுடுகிறார்கள். பத்துக் குச்சிக்குக் குறைந்து பெரும்பாலும் தர மாட்டார்கள், இருவருக்கு அதுவும் ஒரு தட்டு நூடுல்ஸும் போதும். ஆள் ஆளுக்கு மெனு அட்டையை நீட்டி இருபது, முப்பது குச்சி செட்டைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். முதலில் பத்து மட்டும் சொல்லுங்கள், பிறகு வேண்டுமானால் வாங்கலாம்.

நியூட்டன் ஃபுட் சென்டரில் கடல் உணவு நன்றாகவே இருக்கும், ஆனால் அங்கேதான் பட்ஜெட்டும் கவிழும். பலகையில் இருப்பது பெரும்பாலும் 100 கிராம் விலை. நண்டு ஒரு கிலோ என்றால் அதைப் பத்தால் பெருக்க வேண்டும். எடை எவ்வளவு, மொத்தம் எத்தனை டாலர் என்று அடுப்பில் போடுவதற்கு முன் வாயைத் திறந்து கேட்டுவிடுங்கள். மூன்று நாள் பயணத்தில் இதைத் தவிர்ப்பது என் முடிவு.

பொட்டானிக் கார்டன்ஸ் காலை 5 மணிக்கே திறக்கிறது, உள்ளே போகக் கட்டணம் இல்லை. வெயில் ஏறுவதற்குள் சுற்றிவிட்டு, நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கும் ஆடம் ரோடு ஃபுட் சென்டரில் நாசி லெமாக் சாப்பிடலாம். தேங்காய்ப் பாலில் வெந்த சோறு, பொரித்த நெத்திலி, முட்டை, சம்பால்.

ஹாக்கர் சென்டருக்குள் நுழைந்ததும் முதல் வேலை மேசை பிடிப்பது. மேசையில் ஒரு டிஷ்யூ பாக்கெட் இருந்தால் அது ஆள் பிடித்த இடம், நகர்த்தக் கூடாது. நீங்களும் அப்படியே வைக்கலாம். எங்கேயும் நாப்கின் தர மாட்டார்கள் என்பதால் டிஷ்யூ எப்படியும் தேவை. சாப்பிட்டு முடித்ததும் தட்டை எடுத்துப் போய் அடுக்கில் வைப்பது 2021 செப்டம்பர் முதல் கட்டாயம். முதல் முறை எச்சரிக்கை, இரண்டாவது முறை 300 டாலர் அபராதம். ஹலால் தட்டுகளுக்கு அடுக்கு தனியாக இருக்கும், கலந்துவிடாதீர்கள். பார்சல் கேட்டால் டப்பாவுக்குச் சில காசு கூட. உள்ளூர்க்காரர்கள் க்யூஆர் கோடு ஸ்கேன் செய்து கட்டுவார்கள், நம் கார்டை எடுக்காத கடைகள் நிறைய. 2, 5, 10 டாலர் நோட்டுகளாக நாளுக்கு 30 டாலர் கையில் இருக்கட்டும். குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம், பாட்டிலில் நிரப்பிக்கொண்டு கிளம்பினால் நாளுக்கு நாலைந்து டாலர் மிச்சம்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஹாக்கர் சென்டர்களைக் கழுவிச் சுத்தம் செய்ய மூடுவார்கள், பழுது பார்க்க வேண்டியிருந்தால் வாரக்கணக்கில்கூட மூடியிருக்கும். தேதிகளை அவர்களுடைய தேசியச் சுற்றுப்புற வாரியம் வெளியிடுகிறது, கிளம்பும் முன் பார்த்துவிடுங்கள்.

கடைசி நாள் இரவு விமானம் என்றால் தேக்காவிலேயே சாப்பிட்டுவிட்டு, அதே டவுன்டவுன் லைனில் எக்ஸ்போ வரை போய் ரயில் மாறினால் அடுத்த நிறுத்தம் சாங்கி விமான நிலையம். பொட்டலம் வாங்கினால் ரயிலுக்குள் திறக்கக் கூடாது, தண்ணீர் குடித்தால்கூட 500 டாலர் வரை அபராதம். குழம்பு இருந்தால் 100 மில்லிக்கு மேல் பாதுகாப்புச் சோதனையைத் தாண்டாது, அதற்கு முன்பே உட்கார்ந்து சாப்பிட்டுவிடுங்கள்.