‘நல்லாத்தானே நடக்குது?’: மகளின் வலது கைக்காக அலைந்த அனுபவம்

மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசின் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் கேட்டிருந்த தெரபி பணத்தில் ஒரு பகுதி ஒருவழியாகக் கணக்கில் வந்து விழுந்துவிட்டது. அந்த நிம்மதியில் எழுதுகிறேன். எரிச்சலும் இன்னும் அடங்கவில்லை.

மகளுக்கு சி.பி. எனப்படும் மூளை முடக்குவாதம், அதில் வலப்பக்க ஹெமிப்ளீஜியா, அதாவது உடம்பின் வலப்பக்கம் மட்டும் பாதிப்பு. நடப்பாள், ஓடுவாள், வாய் ஓயாமல் பேசுவாள். வலது கை மட்டும் முழங்கை மடங்கி, கட்டைவிரல் உள்ளங்கைக்குள் புதைந்து கிடக்கும். கைக்குழந்தையாக இருக்கும்போதே எல்லாவற்றுக்கும் இடது கையைத்தான் நீட்டினாள். “அவ தாத்தா மாதிரி இடக்கைப் பழக்கம்” என்றார் மாமியார். தடுப்பூசி போட்ட டாக்டரும் அதையே சிரித்தபடி சொன்னார். ஒரு வயதுக்குள் குழந்தை ஒரே கையை மட்டும் பயன்படுத்தினால் பழக்கம் என்று விட்டுவிடாதீர்கள், நரம்பியல் டாக்டரிடம் காட்டுங்கள். எங்களுக்கு அப்படிக் காட்டிய பிறகு எம்.ஆர்.ஐ., நோயறிதல் எல்லாம் மளமளவென்று முடிந்தன.

கோளாறு பிசியோ மையத்தில் ஆரம்பித்தது. ஒவ்வொரு முறையும் எண்ணெய் தடவி, கையை நீட்டி மடக்கி விடுவார்கள். அவள் பாட்டுக்கு போனில் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருப்பாள். “இதனால அவ எதை எடுப்பா, எதைப் பிடிப்பா?” என்று கேட்டால், “இறுக்கம் குறையும்மா, பொறுமையா இருங்க” என்பதுதான் பதில். அடுத்தவர் கையை நீட்டிவிடுவதால் மட்டும் குழந்தை அந்தக் கையைப் பயன்படுத்தக் கற்றுக்கொள்வதில்லை. சி.பி. சிகிச்சைகள் பற்றி ஆராய்ச்சியாளர் அயோனா நோவக் குழுவினர் 2020இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பும் குழந்தை தானே செய்து பழகும் பயிற்சிகளைத்தான் முன்னே வைக்கிறது. அங்கே கொட்டிய பணத்தை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

பக்கத்து மாவட்டத்தில் அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்கும் ஒரு ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் இருப்பதாக இன்னொரு அம்மா சொல்லித்தான் போனோம். அவர் முதலில் கேட்டது, “பாப்பாவுக்கு என்ன செய்ய ஆசை?” டிபன் பாக்ஸைத் தானே திறக்க வேண்டும் என்றாள் மகள். அதையே இலக்காக எழுதிக்கொண்டார்.

அப்புறம் நல்ல கைக்கு உறை. சி.ஐ.எம்.டி. என்பார்கள். பயன்படுத்தாத கையை மூளையும் மெல்ல மறந்துவிடுமாம், அதனால் நல்ல கையைக் கொஞ்ச நேரம் ஓய்வில் வைத்து மற்றக் கையை வேலை வாங்குவது. துணியில் தைத்த முயல் பொம்மை உறையை இடது கையில் மாட்டி, உட்கார வைத்துத்தான் விளையாட்டு. நடக்கும்போது மாட்டினால், விழும்போது ஊன்றக் கை இருக்காது. ஆரம்பத்தில் வீடே இரண்டுபட்டது. அவள் அலற, “பச்சப்புள்ளையை ஏன்டி கட்டிப் போடுற?” என்று மாமியார் என்னைத் திட்ட, நான் பல்லைக் கடித்துக்கொண்டு உண்டியலையும் காசையும் எடுத்து வைப்பேன். வேலை ரொம்பக் கஷ்டமாக இருந்தால் உறையைப் பிடுங்கி எறிவாள், ரொம்ப எளிதாக இருந்தால் பயனில்லை. சப்பாத்தி மாவை அமுக்குவது, நுரைக்குமிழியை உடைப்பது, கொடியில் தொங்கும் கைக்குட்டையை இழுப்பது எல்லாம் எங்களுக்கு ஒத்து வந்தன. தெரபி அறையில் கிடைக்கும் நேரம் போதாது. வீட்டில் செய்வதுதான் கணக்கு.

அது முடிந்ததும் இரண்டு கை வேலைகள். வலது கை எந்நாளும் உதவிக் கையாகத்தான் இருக்கும், அதுவே பெரிய விஷயம் என்று தெரபிஸ்ட் முதலிலேயே உடைத்துச் சொல்லிவிட்டார். அதனால் சாப்பாட்டை இடது கையால் சாப்பிட விடச் சொன்னார். கல்யாணப் பந்தியில் “சோத்துக்கையால சாப்பிடச் சொல்லிக் குடு” என்று அறிவுரை சொல்லாத உறவினரே இல்லை. நான் இப்போது பதில் சொல்வதையே விட்டுவிட்டேன்.

கையையும் விரலையும் சரியான நிலையில் பிடித்து வைக்கும் ஸ்பிளிண்ட் தனிக்கதை. கடையில் ‘சைல்டு சைஸ்’ என்று தந்தது மணிக்கட்டை மட்டும் பிடித்தது, கட்டைவிரல் உள்ளேயே கிடந்தது. திரும்ப வாங்க மாட்டோம் என்றார்கள். கைக்கு அளவெடுத்து, வெந்நீரில் இளக்கிய பிளாஸ்டிக் தகட்டில் செய்து தருவதுதான் சரியாக உட்காரும். கழற்றிய பிறகு அரைமணி நேரமாகியும் சிவப்பு மறையாவிட்டால் திருத்தக் கொடுங்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் வைக்காதீர்கள், வளைந்துவிடும். பிள்ளை வளர வளர மாற்றவும் வேண்டும்.

இனி மாற்றுத்திறனாளி சான்றிதழ். முகாமில் மகள் துள்ளிக்கொண்டு உள்ளே போனாள். “நல்லாத்தானே நடக்குது, எதுக்கு வந்தீங்க?” என்றார் பதிவு செய்பவர். டாக்டர் கை நீட்டச் சொன்னபோது, கெட்டிக்காரி, நல்ல கையை நீட்டினாள்! பரிசோதனை அதோடு முடியவிருந்தது. தெரபிஸ்ட் கொடுத்திருந்த மதிப்பீட்டு அறிக்கையையும், பாட்டில் மூடியோடு அவள் போராடும் வீடியோவையும் காட்டிய பிறகுதான் வலது கையைத் தொட்டே பார்த்தார். தற்காலிகச் சான்று கிடைத்தது. அதிலும் வெறுமனே ‘வலது கை பலவீனம்’. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப் பட்டியலில் மூளை முடக்குவாதம் தனியாகவே இருக்கிறது. நிராமயாவும் மூளை முடக்குவாதம், ஆட்டிசம் போன்ற சில வகைகளுக்குத்தான் கிடைக்கும். பலவீனம் என்று எழுதினால் யார் ஏற்பார்கள்? கவுன்டரை விட்டு நகரும் முன் வரிக்கு வரி படியுங்கள். நான் படித்துவிட்டுத் திரும்பப் போய் நின்றேன். டாக்டர் சாப்பிடப் போய்விட்டார், அன்று வரவே இல்லை. திருத்தத்துக்காக இன்னொரு நாள் லீவு போட வேண்டியதாயிற்று.

நிராமயாவில் 1 லட்சம் ரூபாய் வரை காப்பீடு, முன்பரிசோதனை கிடையாது, தெரபியும் அதில் சேரும். நாம் முதலில் கட்டிவிட்டு, பிறகு பில் வைத்து வாங்க வேண்டும். பழைய பிசியோ மையம் தந்த துண்டுச் சீட்டுகளில் பெயர், தேதி எதுவும் சரியாக இல்லை, அத்தனையும் திரும்பி வந்தன. சரியான பில் கேட்டதற்கு, “அதெல்லாம் நாங்க தர்றதில்லை” என்று போனை வைத்துவிட்டார்கள். ஆக்குபேஷனல் தெரபி பில்களுக்குத்தான் பணம் வந்தது. முதல் நாளே டாக்டரின் பரிந்துரைச் சீட்டையும், பெயர், தேதி, சிகிச்சை விவரம், முத்திரையோடு பில்லையும் கேட்டு வாங்குங்கள். ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு அசலை அனுப்புங்கள். பாலிசி ஆண்டு மார்ச் 31இல் முடிகிறது, புதுப்பிக்க மறக்காதீர்கள்.

டிபன் பாக்ஸ் திறக்கிறது. வலது கையால் அமுக்கிப் பிடித்து, இடது கையால் மூடியை நெம்புகிறாள். சட்டைப் பொத்தான் இன்னும் வரவில்லை. சான்றிதழைப் புதுப்பிக்கப் போகும்போது அந்தப் பொத்தான் சட்டையைத்தான் போட்டுக் கூட்டிப் போகப் போகிறேன். கழற்றி மாட்டச் சொல்லி டாக்டரே பார்த்துக்கொள்ளட்டும்.