தண்ணீரும் சாம்பிளும்

மாசு கட்டுப்பாட்டு வாரியத்தில் வேலை என்று சொன்னால் கல்யாண வீட்டில்கூட இரண்டு கேள்விகள் கட்டாயம் வரும். "எத்தனை பாக்டரிக்குப் பூட்டு போட்டீங்க?" என்பது ஒன்று. "அப்புறம் ஏன் ஆறு இப்படிக் கிடக்குது?" என்பது இன்னொன்று. இரண்டுமே நியாயமான கேள்விகள்தான். ஆனால் அந்தப் பூட்டுக்கும் ஆற்றுக்கும் நடுவில் என்ன வேலை நடக்கிறது என்பதை யாரும் கேட்டதில்லை. என் வேலைநாளில் பெரும்பகுதி கழிந்தது அங்கேதான்.

2000களின் தொடக்கத்தில், பயிற்சி முடித்த கையோடு, நொய்யல் பகுதிக்கு அனுப்பப்பட்டேன். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர் வழியாக ஓடி, கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேர்கிற ஆறு. நான் முதன்முதலில் பார்த்தபோது அது கருநீலமாக இருந்தது. பாலத்தில் நின்றிருந்த டீக்கடைக்காரர், "நேத்து செவப்புங்க" என்றார்.

வாரியத்தின் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1974ஆம் ஆண்டின் தண்ணீர்ச் சட்டம், 1981ஆம் ஆண்டின் காற்றுச் சட்டம் இரண்டும் எங்களுக்கு அடிப்படை. தமிழ்நாட்டில் வாரியம் 1982இல் அமைந்தது. ஆலை கட்டும் முன் ஓர் இசைவாணை, ஓட்டும் முன் இன்னோர் இசைவாணை. ஊரில் எல்லோரும் அதை 'கன்சென்ட்' என்றுதான் சொல்வார்கள். எவ்வளவு கழிவுநீர், எந்தத் தரத்தில், எங்கே விடலாம் என்று அதில் எழுதியிருக்கும். எழுதியபடி நடக்கிறதா என்று பார்க்க நாங்கள் போக வேண்டும். இங்கேதான் மாதிரி எடுக்கும் வேலை, எங்கள் பேச்சில் 'சாம்பிள்', ஆரம்பமாகிறது.

சேர்ந்த புதிதில் ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே ஒரு விவசாயியின் கிணற்றுக்குப் போயிருந்தேன். அந்த அணை பாசனத்துக்காகக் கட்டப்பட்டு 1992இல் முடிந்தது. சில வருடங்களிலேயே அதில் சாயக்கழிவு தேங்கி, தண்ணீரைத் திறந்துவிட வேண்டாம் என்று பாசன விவசாயிகளே கேட்கும் நிலை வந்தது. அவர் கிணற்றுத் தண்ணீரைச் சொம்பில் மொண்டு காட்டினார். கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தது. நான் வேறு, "கலர் ஒண்ணும் இல்லையே ஐயா" என்றேன்.

"கலர் இல்லீங்க தம்பி. மாடு மோந்து பார்த்துட்டுத் திரும்பிக்குது. நீங்களே ஒரு வாய் குடிச்சுப் பாருங்க."

குடித்தேன். உப்பு நாக்கில் அப்படியே ஒட்டியது. பையிலிருந்த டிடிஎஸ் மீட்டரை விட்டுப் பார்த்தால் எண் ஐயாயிரத்தைத் தாண்டி நின்றது. ஒரு லிட்டரில் அத்தனை மில்லிகிராம் கரைந்த உப்பு. வேறு வழியே இல்லாத இடத்தில்கூடக் குடிநீருக்கு 2,000தான் உச்சவரம்பு. அவர் எண்ணைக் கேட்டு வாங்கி, மோட்டார் ரூம் சுவரில் கரித்துண்டால் தேதி போட்டு எழுதினார். அங்கே ஏற்கனவே நாலைந்து எண்கள் இருந்தன.

பருத்தித் துணியில் சாயம் ஏற உப்பு வேண்டும். சாயம் துணியில் பிடித்துக்கொள்ளும். உப்பு மொத்தமும் கழிவுநீரோடு வெளியே வந்துவிடும். அந்தக் காலத்துச் சுத்திகரிப்பு நிலையங்களில் சுண்ணாம்பும் பெரஸ் சல்பேட்டும் போட்டுச் சாயத்தைக் கசடாகப் படிய வைத்தார்கள். நிறம் போனது, உப்பு போகவில்லை. மக்கள் நிறத்தைப் பார்த்துப் புகார் கொடுத்தார்கள், நிறம் குறைந்ததும் அதிகாரிகள் நிம்மதி அடைந்தார்கள். நிலத்தைக் கெடுத்ததோ கண்ணுக்குத் தெரியாத உப்பு. இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது அந்த ஒரு வாய்த் தண்ணீர்தான்.

அந்தக் கோபத்தோடுதான் ஒரு மழை ராத்திரியில் கிளம்பினேன். மழை பெய்தால் தொட்டியைத் திறந்துவிடுகிறவர்கள் உண்டு. வெள்ளத்தோடு வெள்ளமாகப் போய்விடும் என்ற நினைப்பு. ஒரு சாய ஆலையின் பின்புறம், மழைநீர் வடிகாலில் சிவப்பாக ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு மணி இருக்கும். டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு பாட்டிலை இறக்கினேன். கையில் பிடித்தபோது பாட்டில் வெதுவெதுப்பாக இருந்தது. மழைத் தண்ணீர் சுடுமா? சாயத் தொட்டியிலிருந்து நேராக வருகிறது என்பதற்கு அதைவிட என்ன வேண்டும் என்று நினைத்தேன். வாட்ச்மேன் கேட்டைத் திறக்கவில்லை. ஐஸ் பெட்டியில் பாட்டிலை வைத்து, விடியற்காலையில் ஆய்வகத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தேன்.

முடிவு வந்தது. வெளியேற்றும் கழிவுநீரில் கரைந்த உப்புக்கு வரம்பு 2,100. இதில் அதைப்போலப் பல மடங்கு. வழக்கு போட்டோம். விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: "நோட்டீஸ் யாரிடம் கொடுத்தீர்கள்?"

யாரிடமும் கொடுக்கவில்லை. தண்ணீர்ச் சட்டத்தின் 21ஆவது பிரிவு தெளிவாகச் சொல்கிறது. மாதிரியைப் பகுப்பாய்வு செய்யப் போகிறோம் என்று ஆலைப் பொறுப்பாளருக்கு அப்போதே அறிவிப்பு கொடுக்க வேண்டும். அவர் முன்னிலையில் மாதிரியை இரண்டாகப் பிரித்து, முத்திரையிட்டு, இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். அவர் வேண்டுமென்றே வராமல் போனால் அதற்கும் வழி இருக்கிறது: நாமே முத்திரையிட்டுக் கையெழுத்துப் போட்டு, அவர் வரவில்லை என்பதைப் பகுப்பாய்வாளருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். இந்த நடைமுறை தவறினால் ஆய்வு முடிவைச் சான்றாக ஏற்கவே முடியாது. நான் எதையுமே செய்திருக்கவில்லை. மழையும் கோபமுமாக இருந்த அவசரத்தில் அது நினைவுக்கே வரவில்லை.

அலுவலகத்தில் என் மேலதிகாரி திட்டவில்லை. "நீ எடுத்தது தண்ணி தம்பி. சாம்பிள் இல்லை" என்றார். எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. அந்தக் கிணற்றுக்காரர் முகம்தான் வந்து வந்து நின்றது. அவர் நாக்கு சொன்னதை நீதிமன்றம் கேட்கும்படி ஆக்குவதுதான் என் வேலை. அதில் நான் தவறியிருந்தேன்.

அதற்கப்புறம் என் பையில் எப்போதும் அச்சடித்த நோட்டீஸ், அரக்கு, மெழுகுவர்த்தி, நூல், பித்தளை முத்திரை இருக்கும். பாட்டிலைக் கழுவுவதில்கூடக் கணக்கு உண்டு. பொதுவான சோதனைக்குரிய கேனை அதே தண்ணீரால் அலசிவிட்டு நிரப்ப வேண்டும். எண்ணெய்ப் பசை பார்க்கிற கண்ணாடி பாட்டிலை அலசவே கூடாது, ஒட்டிக்கொள்ளும். கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்கு எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்று பார்ப்பது உயிர்வளித் தேவைச் சோதனை. அதற்கான பாட்டிலில் ஒரு காற்றுக்குமிழிகூட நிற்கக் கூடாது. அந்தச் சோதனைக்கு 27 டிகிரியில் மூன்று நாள் ஆகும் என்பதால், வெள்ளிக்கிழமை எடுத்தால் திங்கட்கிழமை யாராவது காத்திருந்து பார்க்க வேண்டும். புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு இதையெல்லாம் சொன்னால், இவ்வளவு சின்ன விஷயமா என்பது போலப் பார்ப்பார்கள். நான் விடமாட்டேன், என் முன்னாலேயே அரக்கை உருக்கிக் காட்டச் சொல்வேன்.

நொய்யல் வழக்கில் விவசாயிகள்தான் நீதிமன்றம் போனார்கள். 2006இல் உயர் நீதிமன்றம் ஒரு சொட்டுக் கழிவுநீர்கூட வெளியே விடக் கூடாது என்றது. 2009இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அப்படியும் நடக்காததால், 2011 ஜனவரியில் திருப்பூர்ப் பகுதிச் சாய, சலவை ஆலைகள் 700க்கும் மேற்பட்டவற்றை மொத்தமாக மூட உத்தரவானது. மின் இணைப்புகள் துண்டிக்கப்பட்ட அந்த நாட்களில் ஊர் இருந்த அமைதியை மறக்க முடியாது. வெளியூரிலிருந்து வந்திருந்த தொழிலாளர்கள் பை, படுக்கையோடு பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தார்கள். ஆறு தெளிந்தால் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். அவர்களைத் தாண்டி நடக்கும்போது அப்படி இருக்கவில்லை. முன்கூட்டியே, ஆலைக்கு ஒன்றாக, ஒழுங்காகச் செய்திருந்தால் ஊரையே மூடும் நாள் வந்திருக்காது என்று இன்றும் நம்புகிறேன்.

பிறகு, உப்பைப் பிரித்தெடுக்கும் சவ்வூடு வடிகட்டலும் ஆவியாக்கும் கலன்களும் வைத்து, கழிவுநீரைத் திரும்பப் பயன்படுத்த முடிந்தவர்களுக்குப் படிப்படியாக அனுமதி கிடைத்தது. நல்ல முறையில் ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் மீட்ட உப்பைக் கையில் அள்ளிக் காட்டும்போது மனசு நிறைந்துவிடும். ஆய்வுக்குப் போனால் நான் முதலில் பார்ப்பது சுத்திகரிப்பு நிலையத்தின் கரண்ட் மீட்டரை. ஆவியாக்கும் கலன் ஓடியது என்று பதிவேட்டில் எழுதலாம், மீட்டரில் எழுத முடியாது. இப்போது பெரிய ஆலைகளில் கருவிகள் பொருத்தி, அளவுகள் இணையம் வழியாக வருகின்றன. நல்ல வசதி. ஆனால் அளவு எகிறினால் பாட்டிலும் நோட்டீஸும் எடுத்துக்கொண்டு யாராவது நேரில் போயாக வேண்டும்.

போன வருடம் ஒரு விசேஷத்துக்குப் போனபோது அந்தக் கிணற்றுப் பக்கம் வண்டியைத் திருப்பினேன். பெரியவர் இல்லை, காலமாகி இரண்டு வருடம் ஆகிறதாம். மகன் மோட்டார் போட்டுக் காட்டினார். மீட்டரை விட்டேன். குறைந்திருக்கிறது, ஆனால் நான்கு இலக்கம்தான். நிலத்தில் இறங்கிய உப்பு மழைக்கு மழை கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கழுவப்படும். தென்னை மட்டும் வைத்திருக்கிறார்கள்.

மோட்டார் ரூமுக்குச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். கரி எழுத்து இருந்த இடத்தை மட்டும் ஒரு முழ அகலத்துக்கு விட்டுவிட்டு அடித்திருந்தார்கள். "எண் என்னங்க சார்?" என்று கேட்டுக்கொண்டே மகன் அடுப்பங்கரைப் பக்கம் கரித்துண்டு எடுக்கப் போனார்.