மாத்திரையை நிறுத்திய பிறகு

மார்ச் 3, திங்கள்

பள்ளியில் கூட்டம். கவனக்குறைவும் அளவுமீறிய துறுதுறுப்பும் உள்ள பிள்ளைகளுக்குக் கொடுக்கும் ஏடிஎச்டி மாத்திரையை மறுபடி ஆரம்பித்தால்தான் மகனை இப்போதுள்ள வகுப்பிலேயே வைத்துக்கொள்ள முடியும் என்றார் கவுன்சிலர். அவன் ஆறு வாரம் மெத்தில்ஃபெனிடேட் என்ற அந்த மாத்திரையைச் சாப்பிட்டவன். தட்டில் வைத்தது அப்படியே இருக்கும். இரவு பதினோரு மணிக்கும் கண்ணைத் திறந்தபடியே படுத்திருப்பான். டாக்டரிடம் பேசி, அவர் சொன்னபடிதான் நிறுத்தினோம். அதையும் சொன்னேன். யாரும் எழுதிக்கொள்ளவில்லை.

மார்ச் 4, செவ்வாய்

தூக்கம் வராமல் சட்டத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். அமெரிக்காவின் சிறப்புக் கல்விச் சட்டமான ஐடிஇஏ-வை 2004-இல் திருத்தியபோது ஒரு பிரிவைச் சேர்த்திருக்கிறார்கள். சட்டக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள மருந்தை டாக்டரிடம் எழுதி வாங்கி வந்தால்தான் பள்ளிக்கு வரலாம், சிறப்புக் கல்வி தேவையா என்ற மதிப்பீடு, சிறப்புச் சேவை என்று பள்ளி ஊழியர்கள் நிபந்தனை போடக் கூடாது. மெத்தில்ஃபெனிடேட் அந்த வகை மருந்துதான். பிள்ளை வகுப்பில் எப்படி இருக்கிறான் என்று ஆசிரியர் பெற்றோரிடம் சொல்லலாம், அதற்குத் தடையில்லை. நேற்று எங்களுக்குப் போட்டது நிபந்தனை. காலையில் எழுத்தில் கேட்டுவிட்டேன்: மாத்திரைப் பேச்சு இல்லாமல் மதிப்பீடு செய்யுங்கள்.

மார்ச் 13, வியாழன்

மாலை கதவு தட்டும் சத்தம். குழந்தைகள் நலத்துறையிலிருந்து ஒரு பெண் அதிகாரி. கை நடுங்கியது. "நம்மகிட்ட ஒளிக்க என்ன இருக்கு, உள்ளே வரட்டும்" என்றார் கணவர். நான் வாசலிலேயே நின்று, எங்கள்மேல் என்ன புகார் என்று கேட்டேன். முதல் சந்திப்பிலேயே அதைச் சொல்லியாக வேண்டும். 2003-இல் கூட்டாட்சிச் சட்டத்தில் சேர்த்த விதி. "மருத்துவப் புறக்கணிப்பு" என்றார் அந்தப் பெண். அவசர ஆபத்து இல்லாதபோது, எங்கள் சம்மதமோ நீதிமன்ற உத்தரவோ இல்லாமல் அவர் உள்ளே வர முடியாது. வக்கீலோடு சந்திக்கிறோம், நாள் சொல்லுங்கள் என்றேன். கத்தவில்லை, கதவை அறையவும் இல்லை. அவரும் மரியாதையாகவே பேசினார். யார் புகார் கொடுத்தது என்பதை மட்டும் சொல்ல மாட்டார்களாம்.

மார்ச் 14, வெள்ளி

எங்களுக்கு முன்பே நலத்துறையினர் பள்ளியில் மகனிடம் பேசியிருக்கிறார்கள். "அம்மா, நான் மாத்திரை சாப்பிடாததாலதான் அவங்க வந்தாங்களா? நான் தப்பு பண்ணிட்டேனா?" இல்லடா, அது பெரியவங்க விஷயம் என்றேன். எட்டு வயதுப் பிள்ளை இதை ஒரு நாள் முழுக்க மனதில் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறான். என்னால் தாங்க முடியவில்லை.

மார்ச் 17, திங்கள்

வக்கீல் நிதானமானவர். பெற்றோர் பிள்ளையின் நன்மைக்காகத்தான் முடிவெடுப்பார்கள் என்ற அனுமானத்தோடுதான் சட்டம் தொடங்குகிறது என்றார்; உச்ச நீதிமன்றம் 1979-இல் பார்ஹம் வழக்கிலும், 2000-இல் ட்ராக்ஸல் வழக்கிலும் அதைச் சொல்லியிருக்கிறது. எல்லையும் உண்டு. முதல் வகைச் சர்க்கரை நோய் உள்ள பிள்ளைக்கு இன்சுலினை நிறுத்தினால் உயிர் போய்விடும். அங்கே நீதிமன்றம் குறுக்கிடும், குறுக்கிடத்தான் வேண்டும். அதில் எனக்கு மறுபேச்சே இல்லை. மருந்து எனக்கு எதிரியும் இல்லை. இதே மாத்திரையால் நிம்மதியாகப் படிக்கும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். டாக்டருக்குத் தெரிந்து, பக்கவிளைவைப் பார்த்து நிறுத்துவதும் சிகிச்சைதான். அதைப் புறக்கணிப்பு என்று எழுதிவிடக் கூடாது.

மார்ச் 20, வியாழன்

வக்கீல் பக்கத்தில் இருக்க, சந்திப்பு நடந்தது. டாக்டரின் கடிதம், எடை குறிப்பேடு, நான் எழுதி வைத்திருந்த தூக்க நேரங்கள், பள்ளிக்குப் போன மின்னஞ்சல்கள், எல்லாவற்றுக்கும் நகல் கொடுத்தோம். அசல் எங்களிடமே. மருத்துவப் பதிவுகள் முழுவதையும் திறந்துவிடும் ஒப்புதல் படிவத்தை நீட்டினார்கள். எந்த டாக்டர், எந்தத் தேதிகள் என்று குறுக்கித் தந்த பிறகே கையெழுத்து. எழுதி வைக்கும் பழக்கம் மட்டும் இல்லாதிருந்தால் இன்று என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே பயமாக இருக்கிறது.

ஏப்ரல் 24, வியாழன்

கடிதம் வந்தது. குற்றச்சாட்டுக்கு ஆதாரமில்லை, விசாரணை முடிந்தது. கணவர் அதை மூன்று முறை படித்தார். அழைப்பு மணி அடித்தால் மகன் இன்னும் என் பின்னால் வந்து நிற்கிறான்.

ஏப்ரல் 28, திங்கள்

பள்ளியிலிருந்து மதிப்பீட்டுக்கான ஒப்புதல் படிவம். கையெழுத்துப் போடும் முன் வரி வரியாகத் தேடினேன். மருந்து என்ற சொல் எங்கும் இல்லை.