புறவாசல் வழியாக வந்த வாசகி

போன மாதம் ஒரு ராத்திரி, திருநெல்வேலி டவுனில் இருக்கும் அண்ணன் மகள் போன் பண்ணினாள். ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். "அத்தை, பொன்னியின் செல்வன் ரெண்டாம் பாகம் மட்டும் பரண்ல கெடந்துச்சு. மொதப் பாகத்தக் காணல. முன்கதைய நீங்க சொல்லிருங்க, நான் இதுலேர்ந்தே ஆரம்பிச்சிருதேன்" என்றாள்.

வேண்டவே வேண்டாம் என்றேன். என் சத்தம் கூடிவிட்டது போல. "சரி அத்தை" என்று உடனே வைத்துவிட்டாள். நான் ஏன் அப்படிப் பதறினேன் என்று அவளுக்குத் தெரியாது.

அவள் வயசில் நான் செய்த காரியம்தான் அது. அப்போது நாங்கள் கல்லிடைக்குறிச்சியில் ஒரு வளவு வீட்டில் இருந்தோம். பக்கத்து நூலகத்தில் கல்கி எழுதிய பொன்னியின் செல்வன் ஐந்து பாகமும் உண்டு என்று பதிவேடு சொல்லும், ஆனால் முதல் பாகத்தை நான் அலமாரியில் பார்த்ததே கிடையாது. எப்போதும் யார் வீட்டிலாவது இருக்கும். இரண்டாம் பாகமும் அப்படித்தான். மூன்றாம் பாகம் 'கொலை வாள்' மட்டும் நிமிர்ந்து நிற்கும். கடைசி அட்டையின் உள்பக்கம் ஒட்டியிருந்த தேதிச் சீட்டு இன்னும் கண்ணில் இருக்கிறது. ஊதா மை முத்திரை நாலைந்துதான், அதுவும் ஒன்றுக்கொன்று மாதக்கணக்கில் தள்ளித் தள்ளி. முழுப்பரீட்சை லீவு விட்டிருந்தது. மூன்று வாரம் காத்துப் பார்த்தேன். நாலாவது வாரம் கொலை வாளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

கதை கோடிக்கரையில் தொடங்கியது. கடலில் இருந்து ஒரு படகு வருகிறது. அதில் காய்ச்சலோடு ஓர் இளவரசன், கூட ஒரு வீரன், துடுப்புப் போடுகிற ஒரு பெண். யாரையும் எனக்குத் தெரியாது. அந்த இளவரசனைக் காப்பாற்ற எல்லோரும் ஏன் இப்படித் தவிக்கிறார்கள் என்று புரியவில்லை. அவனுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாதே என்று எனக்குப் பதைக்கவும் இல்லை. பதைப்பதற்கு முதலில் அவனோடு பழகியிருக்க வேண்டும் அல்லவா? அந்தப் பழக்கமெல்லாம் முன் இரண்டு பாகத்தில் நடந்து முடிந்திருந்தது.

பட்டாசலில் படுத்து நான் படிப்பதை ஆச்சி பார்த்துவிட்டாள். முறத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள், எத்தனாவது பாகம் என்று கேட்டாள். சொன்னேன். கை அப்படியே நின்றுவிட்டது.

"ஏட்டி, கல்யாண வீட்டுக்குப் புறவாசல் வழியாவா போவாங்க?"

அதற்குமேல் அவள் ஏசவில்லை. அன்றைக்கு விளக்கு வைத்த பிறகு என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, தான் அந்தக் கதையைப் படித்த விதத்தைச் சொன்னாள்.

1950-இல் அது கல்கி பத்திரிகையில் தொடராக வர ஆரம்பித்தபோது ஆச்சிக்குப் பதினாலு வயசு. முடிந்தது 1954-இல். வாரம் ஓர் இதழ். அவர்கள் வளவில் எட்டு வீடு, பத்திரிகை வாங்கியது ஒரே வீடு. தபாலில் வந்ததும் அந்த வீட்டுத் தாத்தா படித்து முடிப்பார், அப்புறம் வரிசையாகக் கைமாறி ஆச்சி வீட்டுக்கு வர மூன்று நாள் ஆகும். அதற்குள் முந்திப் படித்தவர்கள் யாரும் வாய் திறக்கக் கூடாது என்பது வளவில் ஒரு கட்டுப்பாடு. வருஷக் கடைசியில் தொடர்ப் பக்கங்களை மட்டும் பிரித்து, மணியம் வரைந்த படங்களோடு அடுக்கி, சாக்கு ஊசியால் தைத்து, காக்கி அட்டை போட்டு வைத்திருக்கிறார்கள். முதல் கட்டு யாரோ வாங்கிப்போய்த் திரும்பி வரவில்லை. ஆச்சி அதைச் சொன்னபோது, நேற்றுத் தொலைந்ததைப் போலத்தான் சொன்னாள்.

கதை நடுவில் ஆச்சிக்குக் கல்யாணம் ஆகி அம்பாசமுத்திரத்துக்கு, நாங்கள் சொல்லும் அம்பைக்கு, வந்துவிட்டாள். வந்த வீட்டில் பத்திரிகை வாங்குவதில்லை. ஆறு மாதம் அவளுக்குக் கதை விட்டுப்போனது. பேறுகாலத்துக்குத் தாய் வீடு போனபோதுதான் விட்ட இடத்தில் இருந்து படித்தாளாம். நடுவில் எடுத்துக்கொடுக்க ஆள் இருந்தும், வந்த இதழை மட்டும் படிக்கக் கை வரவில்லை என்றாள். ஆறு மாதம் அப்படிக் காத்திருந்தவளுக்கு நான் மூன்று வாரத்தில் பொறுமை இழந்தது எப்படி இருந்திருக்கும் என்று இப்போது நினைத்தால் மனசு கனக்கிறது.

சரி, வரிசை தப்பியதால் அப்படி என்ன போயிற்று? ஒன்றே ஒன்று சொல்கிறேன். முதல் பாகத்தின் தொடக்கத்தில், ஆடிப் பதினெட்டு அன்று வந்தியத்தேவன் வீரநாராயண ஏரிக்கரையில் குதிரையில் வருகிறான். பெரிய பழுவேட்டரையரின் பரிவாரம் கடந்து போகிறது, கூடவே ஒரு மூடுபல்லக்கு. அந்தப் பல்லக்கை வைத்துக் கல்கி நம்மை எங்கெல்லாமோ நினைக்கவைக்கிறார். அப்புறம் கடம்பூர் மாளிகையில் நள்ளிரவில், ஒளிந்திருந்து பார்க்கும் வந்தியத்தேவனோடு சேர்ந்து நாமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டிய இடம் ஒன்று வருகிறது. பல்லக்கின் சங்கதி என்ன என்று நான் இங்கே எழுதமாட்டேன். இன்னும் படிக்காதவர்கள் இருப்பீர்கள். ஆனால் நான் அந்த இடத்துக்கு வந்தபோது விஷயம் எனக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. பக்கத்தைப் புரட்டினேன், போய்க்கொண்டே இருந்தேன். அதற்குப் பிறகு அந்தப் புத்தகத்தை ஐந்து தடவையாவது வாசித்திருப்பேன், பாதி செங்கோட்டை பாசஞ்சரில்தான். சேரன்மகாதேவி வரும்போது ஏரிக்கரையில் இருப்பேன், ஜங்ஷனில் இறங்கும்போது கடம்பூரில் இருப்பேன். எத்தனை தடவை படித்தாலும் கடம்பூரில் எனக்குத் திடுக்கிடல் கிடையாது. ஒரு கதையை முதல் தடவை படிப்பது ஒரு தடவைதான்.

அலுவலகத்தில் ஓர் அண்ணாச்சி இருக்கிறார், நல்ல வாசகர். அவருக்கும் வரிசை முக்கியம்தான், ஆனால் சரித்திர வரிசை. பல்லவர் காலம் முந்தியது, அதனால் முதலில் சிவகாமியின் சபதம், அடுத்தது பார்த்திபன் கனவு, சோழர் கதை கடைசி என்பார். நான் ஒத்துக்கொள்வதில்லை. பார்த்திபன் கனவு 1941-இல் வர ஆரம்பித்தது, சிவகாமியின் சபதம் 1944-இல். முதல் கதையில் நரசிம்ம சக்கரவர்த்தி, குந்தவை என்ற வளர்ந்த மகளுக்குத் தகப்பன். அடுத்த கதையைத் திறந்தால் அவரே இளவயது மாமல்லர், ஆயனச் சிற்பியின் மகள் சிவகாமிமேல் உயிராக இருக்கிறார். குந்தவையைத் தெரிந்துகொண்டு வந்த எனக்கு, சிவகாமியின் அரங்கேற்றத்திலேயே நெஞ்சு அடித்துக்கொள்ள ஆரம்பித்துவிட்டது. இந்தப் பெண்தான் குந்தவையின் அம்மையா, இல்லையா? விடையில் நம்ம பாண்டிய நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு, அவ்வளவுதான் சொல்வேன். கல்கியும் முந்தின கதையைப் படித்துவிட்டு வந்த வாசகர்களை எதிரே வைத்துத்தானே அதை எழுதியிருப்பார்? கதை ஆண்டுகளைப் பார்த்துப் படித்தால் அந்த அடிப்பு கிடைக்காது. எழுதினவர் எந்த வரிசையில் எழுதினாரோ அந்த வரிசையில் படிப்பதுதான் சரி என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

சரித்திரத்தை எந்தப் பக்கம் இருந்தும் தெரிந்துகொள்ளலாம். அம்பைக்குப் பக்கத்தில் மன்னார்கோவில் இருக்கிறது. ராஜேந்திர சோழர் காலத்தில் சேர மன்னன் ராஜசிம்மன் கட்டியது, ராஜேந்திர சோழ விண்ணகரம் என்று பெயர். பொன்னியின் செல்வனான ராஜராஜ சோழனுடைய மகன்தான் அந்த ராஜேந்திரன். கதையைத் தெரியும் முன்பே சின்ன வயசில் அந்தப் பிரகாரத்தில் ஓடியிருக்கிறேன், புளியோதரை தின்றிருக்கிறேன். மகனை முதலில் தெரிந்து அப்பாவைப் பிறகு தெரிந்ததில் எனக்கு ஒரு குறையும் இல்லை. கதை அப்படியில்லை. கதையில் எதை எப்போது சொல்வது, எதை மறைப்பது என்று ஒருவர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார்.

எல்லாத் தொடருக்கும் இப்படிப் பிடிவாதம் பிடிக்க மாட்டேன். சுஜாதாவின் கணேஷ்-வசந்த் கதைகளை எதில் இருந்தும் தொடங்கலாம். நைலான் கயிறில் கணேஷ் தனியாக வருகிறான், வசந்த் பின்னால் வந்து சேர்ந்தவன். அதைத் தெரியாமல் படித்தாலும் ஒவ்வொரு வழக்கும் தன்னளவில் முழுசு.

இப்போது முதல் பாகம் கிடைக்கவில்லை என்ற பேச்சுக்கே இடமில்லை. கல்கியின் எழுத்து நாட்டுடைமை ஆகிவிட்டதால் எத்தனையோ பதிப்பகங்கள் போடுகின்றன. ஐந்து பாகமும் ஒரே கட்டாகக் கிடைக்கிறது, இணையத்தில் மதுரைத் திட்டம் என்ற மின்னூலகத்தில் காசில்லாமலே படிக்கலாம். வாங்கும்போது சுருக்கப் பதிப்பா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் காலையில் என் முதல் பாகத்தை எடுத்து, பழைய காலண்டர் தாளில் அட்டை போட்டு, டவுனுக்குப் போய்க் கொடுத்துவிட்டு வந்தேன். பரணில் கிடந்த இரண்டாம் பாகத்தை மதினியிடம் ஒப்படைத்து, பிள்ளை முடிக்கிறவரை அரங்கு வீட்டிலேயே இருக்கட்டும் என்று சொன்னேன். படம் வந்தபோது அவள் சின்னப் பிள்ளை, பாட்டுகளைத் தவிர ஒன்றும் நினைவில்லை என்கிறாள். அது எனக்குப் பெரிய நிம்மதி.

முந்தாநாள் ராத்திரி பதினொன்றரைக்குப் போன் அடித்தது. இந்த நேரத்தில் யாருக்கு என்னவோ என்று பயந்து எடுத்தேன்.

"அத்தை, கடம்பூர்ல பல்லக்குத் திரைய விலக்கிட்டாங்க!"

எழுந்து உட்கார்ந்து விளக்கைப் போட்டேன். "நீ யார்னு நெனச்சிருந்தட்டி? மொதல்லேர்ந்து சொல்லு" என்றேன்.