சம்பள உயர்வு எல்லோருக்கும், மெமோ சங்கத்துக்காரனுக்கு

எங்கள் ஆலையில் தொழிற்சங்கத்தில் சேராமலேயே ரிட்டயர் ஆனவர்கள் உண்டு. அவர்களுக்கும் எங்களுக்கும் சம்பளச் சீட்டில் சந்தாப் பிடித்தத்தைத் தவிர வேறு வித்தியாசம் கிடையாது. கேட் மீட்டிங்குக்கு வர மாட்டார்கள். நாங்கள் கோஷம் போடும்போது சைக்கிள் ஸ்டாண்டில் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். சம்பள உயர்வின் பழைய பாக்கியான அரியர்ஸ் வந்த அன்றைக்கு மட்டும் எத்தனை மாதத்துக்கு எவ்வளவு என்று பைசா சுத்தமாகக் கணக்குச் சொல்வார்கள். ஆத்திரமாக வரும். ஆனால் வரவு செலவு மட்டும் பார்த்தால் அவர்கள் செய்ததுதான் கெட்டிக்காரத்தனம்.

இதற்கு வழி வைத்தது 1947-ஆம் வருடத் தொழில் தகராறு சட்டம். 2025 நவம்பர் வரைக்கும் அமலில் இருந்தது அதுதான். சங்கமும் நிர்வாகமும் தங்களுக்குள் பேசி முடித்துக் கையெழுத்துப் போட்டால் அது 18(1) ஒப்பந்தம். கையெழுத்துப் போட்ட தரப்புகளை மட்டும்தான் கட்டுப்படுத்தும். தொழிலாளர் துறை சமரச அதிகாரி முன்னால் போட்டால் 12(3). அது சங்கத்தில் இல்லாதவரையும், வேறு சங்கத்தில் இருப்பவரையும், நாளைக்கு வேலைக்கு வரப்போகிறவரையும் சேர்த்துக் கட்டுப்படுத்தும். சென்னையில் ஆலைகள் நிறைந்த அம்பத்தூர், பாடிப் பக்கம் பேப்பர் படிக்கும் வழக்கமே இல்லாத தொழிலாளிக்குக்கூட இந்த இரண்டு நம்பரும் மனப்பாடம். நிர்வாகம் மட்டும் சளைத்ததா? பெரிய சங்கம் முரண்டு பிடித்தால் சின்னச் சங்கத்தைக் கூப்பிட்டு 12(3) போட்டுவிட்டதும் உண்டு. பெரிய சங்கம் அத்தனை மாதம் பேசியதெல்லாம் அன்றைக்கே காலி.

ஆக, வருகிற லாபம் எல்லோருக்கும் பொது. நஷ்டத்தை மட்டும் உறுப்பினர் தன் கையிலிருந்து கொடுக்க வேண்டும். முதலில் போவது ஓவர்டைம். யாரை நிறுத்தி வைப்பது, யாரை வீட்டுக்கு அனுப்புவது என்பது சூப்பர்வைசர் வாய்க்குள் இருக்கிற விஷயம். அதற்கு ரூல் கிடையாது. அடுத்தது இடமாற்றம். கம்ப்யூட்டரில் ஓடும் சிஎன்சி மெஷினில் பழகிய கையைத் தூக்கி ஹீட் ட்ரீட்மென்ட் உலைக்குப் பக்கத்தில் போடுவார்கள். 'நிர்வாகக் காரணங்களுக்காக' என்று ஒரு வரி இருக்கும். வேலைநிறுத்தம் என்றால் அன்றைய சம்பளம் போகும். நோட்டீஸ் கொடுக்காமல் பத்துப் பேரோ அதற்கு மேலோ சேர்ந்து வராமல் இருந்தால், எட்டு நாள் சம்பளம் வரைக்கும் பிடிக்கச் சம்பளப் பட்டுவாடாச் சட்டம் இடம் கொடுத்திருந்தது. ஸ்டிரைக் நீண்டால் முதலில் வீட்டிலிருந்து கிளம்புவது தாலிக்கொடி தவிர்த்த நகைகள். எங்கள் தெரு அடகுக் கடைக்காரருக்கு எங்கள் கோரிக்கைப் பட்டியல் எங்களைவிட நன்றாகத் தெரியும்.

பிறகு எதற்குச் சேர்ந்தாய் என்றால், கொள்கை என்று பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கன்ஃபர்ம் ஆன மாதம் சீனியர் ஒருவர் சந்தாப் புத்தகத்தை நீட்டினார், கையெழுத்துப் போட்டேன். பெரும்பாலானவர்கள் அப்படித்தான் சேர்கிறார்கள். அதன் மதிப்பு தெரிந்தது ஒரு என்கொயரியில், அதாவது கம்பெனி நடத்தும் ஒழுங்கு விசாரணையில்.

எங்கள் டிபார்ட்மென்ட் லேத் ஆபரேட்டர் ஒருவர் மேல் இரவு ஷிப்டில் தூங்கியதாகச் சார்ஜ் ஷீட். சஸ்பென்ஷன், முதல் 90 நாளைக்குப் பாதிச் சம்பளம்தான் பிழைப்பூதியம். என்கொயரி ஆபீசர் ஒரு வக்கீல். அவருக்கு ஃபீஸ் கம்பெனிதான் கொடுக்கிறது. நிர்வாகத் தரப்பில் எச்.ஆர். அதிகாரி. எதிரில் எட்டாவது வரைக்கும் படித்த இந்த மனிதர். உதவிக்கு ஒரு சக தொழிலாளியை வைத்துக்கொள்ளலாம் என்று ஆலையின் வேலை விதிகளான நிலையாணையில் இருக்கிறது, சங்கம் என்னை அனுப்பியது. நான் வாதாடவெல்லாம் இல்லை. போவதற்கு முன் எங்கள் செயலாளர் சொல்லிக் கொடுத்தது இவ்வளவுதான்: சார்ஜ் ஷீட்டோடு எந்தெந்தக் காகிதம் இணைத்திருக்கிறார்கள் என்று பார், இல்லாததை எழுதிக் கேள், பதிலுக்கு அவகாசம் போதாவிட்டால் அதையும் எழுதிக் கேள், நடவடிக்கைக் குறிப்பு ஒவ்வொரு பக்கத்தையும் தமிழில் படித்துக் காட்டச் சொல், அதன் பிறகு கையெழுத்து, நகல் வாங்காமல் அறையை விட்டு வராதே.

ஷிப்ட் லாக் புத்தகத்தைக் கேட்டோம். இழுத்தடித்துக் கொடுத்தார்கள். தூங்கியதாகச் சொன்ன நேரத்தில் அந்த மெஷின் பிரேக்டவுன், மெயின்டனன்ஸுக்காகக் காத்திருப்பு என்று சூப்பர்வைசர் கையாலேயே எழுதியிருந்தது. அப்படியும் விட்டுவிடவில்லை, ஒரு இன்க்ரிமென்டை வெட்டினார்கள். ஆனால் வேலை தப்பியது. சைக்கிள் ஸ்டாண்டில் நின்றவர்களில் ஒருவருக்கும் அதே போல் சார்ஜ் ஷீட் வந்தது. தனியாகப் போனார். என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து, அன்று சாயங்காலம் சந்தாப் புத்தகம் எங்கே என்று கேட்டார்.

சங்கம் பக்கமும் குறை சொல்ல நிறைய இருக்கிறது. பொறுப்புக்கு வந்த பிறகு மெஷினைத் தொட மறந்துபோன ஆட்களை எல்லா ஆலையிலும் பார்க்கலாம். பொதுக்குழுவில் கை தூக்கி ஓட்டு; பக்கத்தில் யார் நிற்கிறார் என்று பார்த்துத்தான் கை மேலே போகும். வெளியிலிருந்து வருகிற தலைவருக்குப் பத்து ஆலை, ஒரு கட்சி, நடுவில் தேர்தல். வெளித் தலைவரே வேண்டாம் என்று இளைஞர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அவரை டிஸ்மிஸ் செய்ய முடியாது என்பதற்காகவே அந்த நாற்காலி உண்டானது. 1918 ஏப்ரலில் பெரம்பூர் பக்கம் பின்னி கம்பெனியின் பி அண்டு சி மில் தொழிலாளர்களுக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியபோது தலைவர் பி.பி. வாடியா, துணைத் தலைவர் திரு.வி.க. ஒருவர் பிரம்மஞான சபைக்காரர், ஒருவர் பத்திரிகை ஆசிரியர். தறி ஓட்டியவர்கள் இல்லை. வாடியாவை டிஸ்மிஸ் செய்ய முடியாத கம்பெனி அவர் மேல் உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. சங்கம் நடத்துகிறவரை அப்படி வழக்கில் இழுக்க முடியாதபடி பாதுகாப்புத் தந்த சட்டம் 1926-ல்தான் வந்தது.

அதே மில்லின் 1921 ஸ்டிரைக்கைப் பற்றி மேடையில் பேசும்போது எங்கள் தலைவர்கள் போலீஸ் துப்பாக்கிச் சூட்டோடு நிறுத்திக்கொள்வார்கள். ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பலர் வேலைக்குத் திரும்பியதையும், புளியந்தோப்பில் தொழிலாளியும் தொழிலாளியும் மோதி வீடுகள் எரிந்ததையும் சொல்ல மாட்டார்கள். மாதக்கணக்கில் சம்பளமில்லாமல் இருப்பது எல்லோருக்கும் ஒரே விலை ஆகாது. ஒருவனுக்குச் சொந்த ஊரில் அரை ஏக்கர் இருக்கும். ஒருவனுக்கு மறுநாள் அரிசி இருக்காது. இரண்டாமவனைத் துரோகி என்பது சுலபம். முதலில் அவன் வீட்டுக்கு அரிசி அனுப்பிவிட்டு அப்புறம் பேசுகிற சங்கத்தில் நான் கொஞ்ச காலம் இருந்திருக்கிறேன், எப்போதும் அல்ல.

இன்றைக்கு அந்த இரண்டாமவன் கான்ட்ராக்ட் ஆள். எனக்குச் சங்கத்தின் மேல் தீராத வருத்தம் இதில்தான். ஒவ்வொரு சம்பள ஒப்பந்தத்திலும் உயர்வுக்கு எதிர்ப்பக்கம் ஒரு ஷரத்து இருக்கும்: உற்பத்தி இவ்வளவு கூடும், இன்னின்ன வேலை வெளியே போகும். கேன்டீன் போனது, பேக்கிங் போனது, பிறகு உற்பத்தி லைனே போனது. 24 மாதத்தில் 480 நாள் வேலை பார்த்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் 1981-லேயே சட்டம் உண்டு. 480 நாளுக்குக் கொஞ்சம் முன்னால் வேலையில் ஒரு பிரேக் கொடுத்து, பெயரை வேறு கான்ட்ராக்டர் பட்டியலில் ஏற்றுவார்கள். எங்களுக்குத் தெரியும். அரியர்ஸ் கையில் வந்த மாதத்தில் அதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

என் அக்கா மகன் ஒரகடத்தில் ஒரு வாகன உதிரிபாக ஆலையில் இருக்கிறான். "மாமா, சங்கத்துல சேரலாமா, வேண்டாமா?" என்று போன மாதம் கேட்டான். 2024-ல் சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் ஒரு மாதத்துக்கும் மேல் வெளியே உட்கார்ந்ததை அவன் பஸ் ஜன்னலிலிருந்து தினமும் பார்த்தவன். அங்கே முக்கியக் கோரிக்கை சங்கத்தை ஏற்றுக்கொள்ளுங்கள் என்பதுதான். பதிவு கிடைத்ததே 2025 ஜனவரியில். இப்போது கணக்கும் மாறியிருக்கிறது. 2025 நவம்பரில் அமலுக்கு வந்த தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டப்படி, பல சங்கம் உள்ள ஆலையில் 51 சதவீதத் தொழிலாளர் ஆதரவு உள்ள சங்கம்தான் நிர்வாகத்தோடு தனியாகப் பேச முடியும். சைக்கிள் ஸ்டாண்டில் நிற்கிறவரும் இனி ஒரு எண்ணிக்கை. அதே சட்டத்தில் ஸ்டிரைக்குக்கு 14 நாள் முன்னறிவிப்பு எல்லா ஆலைக்கும் கட்டாயம். பாதிப் பேர் சேர்ந்து ஒரே நாளில் சி.எல். என்கிற தற்செயல் விடுப்பு போட்டால் அதுவும் ஸ்டிரைக்தான்.

சேரு என்றேன். சேருவதற்கு முன் போன ஒப்பந்தத்தின் நகலை வாங்கிப் படி, பொதுக்குழுவில் வரவு செலவு வாசிக்கிறார்களா என்று கேள் என்றும் சொன்னேன். அவன் லைனில் பாதிப் பேர் ட்ரெய்னியும் கான்ட்ராக்ட் ஆட்களும்தான். புதுக் கோரிக்கைப் பட்டியலில் அவர்களைப் பற்றி என்ன இருக்கிறது என்று கேட்டேன்.

"கடைசிப் பக்கத்துல ஒரு வரி இருக்கு மாமா. பரிசீலிக்க வேண்டும்னு."

கடைசிப் பக்கத்துக் கோரிக்கைகள் பேச்சுவார்த்தையின் முதல் நாளிலேயே விட்டுக்கொடுக்கப்படும். அதை மூன்றாவது கோரிக்கைக்காவது ஏற்றச் சொல்லிப் பொதுக்குழுவில் எழுந்து பேசு என்றேன். கூட்டம் இந்த ஞாயிற்றுக்கிழமை.