களிமண்ணில் காவிரியை ஓட விட்டோம்
மலையும் ஆறும் தெரிகிற மாதிரி ஒரு தமிழ்நாட்டு வரைபடம், எட்டு வயது மகளும் ஆறு வயது மகனும் சேர்ந்து வீட்டில் செய்வது. முதல் வாரம் சொம்பை மேலிருந்து பார்த்து வரைந்தார்கள், வட்டத்துக்குள் வட்டம். வரைபடம் என்பதே மேலிருந்து பார்ப்பதுதான் என்று அதிலேயே பிடிபட்டுவிட்டது. அப்புறம் மொட்டைமாடியிலிருந்து எங்கள் தெரு.

மைதாவும் உப்பும் பிசைந்து செய்த மலை, தண்ணீர் பட்டதும் கரைந்தது. களிமண்ணுக்கு மாறினோம். இரண்டடிக்கு இரண்டடி பிளைவுட் பலகை, 1 செ.மீ. என்றால் 10 கி.மீ. என்று வைத்ததில் தமிழ்நாடு மேலும் கீழும் மட்டாகப் பொருந்தியது. ஆனால் அந்தக் கணக்கில் 2637 மீட்டர் தொட்டபெட்டா வெறும் 2.6 மில்லிமீட்டர்தான், கல்தோசை தடிமன்கூட இல்லை. "அன்னைக்கு பஸ்ஸில ஏறிட்டே இருந்தோமே, இவ்வளவுதானாப்பா?" என்று மகன் கேட்டான். உயரத்தை மட்டும் 10 மடங்கு கூட்டினோம். இதைப் பிள்ளைகளிடம் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பூமி முழுக்க முள்முள்ளாக இருப்பதாக நினைத்துக்கொள்வார்கள்.

பாலக்காட்டுக் கணவாய்க்கு மகள் இரண்டு விரலை வைத்து அழுத்தினாள். ஏறக்குறைய 30 கி.மீ. அகலம், 3 செ.மீ. வந்தது. பொள்ளாச்சிக்காரர்களுக்கு ஆடிக் காற்று எந்த வழியாக வருகிறது என்று வேறு விளக்கமே தேவைப்படவில்லை.

சிக்கல் காவிரியில்தான் வந்தது. தலைக்காவிரியில் சொட்டு சொட்டாகத் தண்ணீர் விட்டால் நேரே அரபிக்கடல் பக்கம் ஓடியது! நான் மலையை மட்டும் வைத்துவிட்டு மைசூர்ப் பக்கத்து மேட்டுநிலத்தை விட்டிருந்தேன். மலை விளிம்பை இன்னும் உயர்த்தி, அதற்குக் கிழக்கே களிமண்ணை மேடை போல நிரப்பி, மெல்லச் சரித்த பிறகுதான் தண்ணீர் திரும்பியது. மேற்குக் கடல் அவ்வளவு கிட்ட இருந்தும் ஆறு ஏன் பூம்புகார் வரைக்கும் போகிறது என்று அவர்கள் கையாலேயே கண்டுபிடித்தது எனக்குப் பெரிய சந்தோஷம், நான் பள்ளியில் இதை மனப்பாடம்தான் செய்தேன். மேடை விளிம்பில் தண்ணீர் தேங்கி நின்றபோது மகன் குச்சியால் கீறிவிட்டான், அதுதான் ஒகேனக்கல்.

இப்போது பலகையை ஈரத்துணி போட்டு மூடி வைத்திருக்கிறோம். பவானி நீலகிரியில் பிறந்து கேரளாவுக்குள் போய்த் திரும்பி வருவதை மகள் அட்லஸில் பார்த்துவிட்டாள், ஞாயிற்றுக்கிழமை அது அங்கே ஓடும் அட்டப்பாடிப் பள்ளத்தாக்கைத் தோண்ட வேண்டும்.